பிஜூவின் சொந்தக்காரி

பூப்போட்ட டைல்ஸ் தரையில் முட்டி போட்டு ஆனந்தமேரி மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் ஊற்றியபோது வாளித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது; துணியை நாலு முறை பிழிந்ததும் சாக்கடை நிறத்துக்கு வந்துவிட்டது. நாய் கழிந்து வைத்திருந்தது வழக்கமாகக் கழிவது போல இல்லை. ரோடு போடுகிறவர்கள் ஊற்றும் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுவென்று, கிட்டே போனால் துருப்பிடித்த இரும்பின் வாடை அடித்தது. டைல்ஸ் இடுக்கில் இறங்கியதைப் பழைய டூத் பிரஷ்ஷால் குடைந்து எடுத்தாள்.

"தரித்திரம் புடிச்சதே, உனக்கும் அறிவில்ல, உனக்கு வாச்சவங்களுக்கும் அறிவில்ல," என்று சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடந்த பிஜூவைப் பார்த்துச் சொன்னாள்.

பிஜூ ஒன்பது வயது லாப்ரடார். மேரி திட்டினால் வாலைத் தரையில் டப்டப்பென்று அடிப்பது அதன் பழக்கம். திட்டுகிறவள் யார் என்று அதற்குத் தெரியும். இன்றைக்கு வால் அசையவில்லை. கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மேரி குனிந்து அதன் காதைத் தடவினாள். இதை ஒரு கையகலக் குட்டியாக ஷூ டப்பாவில் வைத்துக் கொண்டு வந்த நாளிலிருந்து இங்க் பில்லரில் பால் விட்டு வளர்த்தவள் அவள். பிரான்சிலிருந்து வந்த நாய் மெத்தை மாடியில் விரித்தது விரித்தபடி இருக்கிறது. பிஜூ படுப்பது கொல்லைப்புறத்தில், மோட்டார் ரூமை ஒட்டியிருக்கும் மேரியின் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லினெட் மதாம் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். கைக்குட்டையில் அத்தர் பாட்டிலையே கவிழ்த்திருப்பாள் போல. பினாயில், நாய்க் கழிசல், பிரான்ஸ் அத்தர், மூன்றும் சேர்ந்து வீடு சுடுகாட்டுக்கும் சென்ட் கடைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகியிருந்தது.

"மேரி, இன்னும் முடியலையா? மோந்தியே, கடவுளே, நாத்தம் பெட்ரூம் வரைக்கும் வருது."

"மூணு வாட்டி போயிருச்சு மதாம். கறுப்பா போவுது. வாயெல்லாம் வெளுத்துக் கெடக்குது. டாக்டராண்ட காட்டிடலாம் மதாம்."

"எந்த டாக்டர்? அந்த மாட்டாஸ்பத்திரியா?" மதாம் சிரித்தாள். "மாட்டுக்கும் எருமைக்கும் ஊசி போடுற கையால என் பிஜூவத் தொடறதா? பா போசிப்ல், நடக்காது. நான் வீட்லயே பாத்துக்குவேன். கேரட் வேகவச்சு அரிசியோட மசிச்சுக் குடு. பிரான்சுல எல்லாரும் அதான் குடுப்பாங்க. மாத்திரையை வழக்கம்போல நானே குடுத்துடறேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

பிரான்சு, பிரான்சு! பதினோரு வருஷமாக மேரி கேட்டுக் காது புளித்த பாட்டு அது. லினெட் மதாம் பிறந்தது இதே ஊர் உழவர்கரையில், மழைக்கு ஒழுகும் கீற்றுக் கொட்டகையில். அலெக்சாண்டர் முசியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரைக் கட்டிக்கொண்டு போய் முப்பத்திரண்டு வருஷம் பாரிசில் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்து கடற்கரையிலிருந்து மூன்றாவது வீதியில் இந்த மஞ்சள் வீட்டை வாங்கினார்கள். பாரிசில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் மதாம் "ஆபீஸ்ல" என்பாள். ஆபீஸ்தான், பொய்யில்லை. விடியற்காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் அந்த ஆபீசின் தரையையும் கக்கூசையும் கழுவிவிட்டு வருகிற வேலை. ஒரு ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய நாள் கொடியேற்றத்துக்கு மெடலைக் குத்திக்கொண்டு போய் வந்த முசியே, இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் மேரியிடம் உளறிவிட்டார். அங்கே கழுவினவள் இங்கே படியில் நின்று மூக்கைப் பொத்துகிறாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இது பட்டப்பகலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று மேரி நினைத்துக்கொண்டாள்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். வருஷா வருஷம் ஜூலை மாதம் மகள் எலென் பாரிசிலிருந்து வருவாள். இரண்டு பெட்டி வரும். ஒன்றில் சாக்லேட்டும் சீஸும் சென்ட்டும். இன்னொன்று முழுக்க மருந்து. மதாமின் கண்ணாடி அலமாரியில் கடை மாதிரி அடுக்கி வைத்திருக்கும். வீதியில் பாதிப் பேர் அந்த அலமாரிக்கு வாடிக்கை. தலைவலியா, லினெட் மதாம் வீடு. கால் குடைச்சலா, லினெட் மதாம் வீடு. "இங்க கடையில விக்கிறதெல்லாம் சுண்ணாம்பு" என்று சொல்லிக்கொண்டே மதாம் ராணி மாதிரி ரெண்டு ரெண்டாகப் பிய்த்துக் கொடுப்பாள். பச்சைப் பெட்டி வயிற்றுக்கு, நீலம் காய்ச்சலுக்கு, சிவப்பு மூட்டுக்கு. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் பெட்டியின் நிறம்தான். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்ததை மேரி ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன வாரம் பிஜூ படியில் இறங்கும்போது பின்னங்கால் பிசகி நொண்டியது. ரெண்டு நாள் ஓய்வாகக் கிடந்தால் சரியாகப் போயிருக்கும். மதாம் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். மனுஷனுக்கு மூட்டு என்றால் நாய்க்கும் மூட்டுதானே! சீஸ் துண்டுக்குள் மாத்திரையைப் புதைத்து, தன் கையாலேயே, "மாழ் மோன் பெபே, சாப்பிடு கண்ணு" என்று கொஞ்சிக் கொஞ்சி எட்டு நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நொண்டுவது நின்றுவிட்டது உண்மைதான். எழுந்து நின்றால்தானே நொண்டுவதற்கு.

அந்தச் சிவப்புப் பெட்டியை மேரிக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டி வீங்கிப் படியேற முடியாமல் கிடந்தபோது மதாம் அதைத்தான் கொடுத்தாள். பத்து நாள் தின்றாள். வயிறு தீப்பிடித்த மாதிரி எரிந்தது; கறுப்பாகப் போயிற்று; ஒரு நாள் துணி துவைக்கும் கல்லிலேயே மயங்கி விழுந்தாள். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், "என்ன மாத்திரை சாப்டீங்க? அதத் தொடவே கூடாது. உள்ள புண்ணாகி ரத்தம் கசியுது" என்றார். திரும்பி வந்து மதாமிடம் சொன்னாள். மதாம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மாத்திரையில ஒண்ணுமில்ல மேரி. உன் வயிறு அப்படி. கருவாடு தின்னுற வயிறுக்கு நல்ல மருந்து ஒத்துக்காது" என்றாள். மேரி மறுபடி துணி துவைக்கப் போனாள். இப்போது அதே கறுப்பு டைல்ஸில் கிடக்கிறது. பிஜூ ஒரு நாளும் கருவாடு தின்றதில்லை.

இன்னொரு தடவை வாயைத் திறக்கலாம்தான். திறந்தால் என்ன ஆகும் என்பதும் மேரிக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்த சின்னப்பாப்பாவை, சூப்பில் உப்பு ஜாஸ்தி என்று சொன்ன வாய்க்கு எதிர்வாய் பேசியதற்காக அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மேரிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருப்பது இந்த மோட்டார் ரூம் பக்கத்து அறை ஒன்றுதான். அதை விட்டால் கடலோரப் பிள்ளைச்சாவடியில் தங்கச்சி வீடு. அந்த வீட்டின் முன்பக்கத்தைப் போன வருஷமே கடல் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றரை அறையில் தங்கச்சி, அவள் புருஷன், இரண்டு பெண்கள், மாமியார். காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது.

மறுநாள் காலையில் பிஜூ மேரியின் கதவடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஈறைத் தூக்கிப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. காதும் பாதமும் சில்லென்று இருந்தன. வாயோரம் காப்பித்தூள் கரைசல் போல ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

வீட்டுக்குள் வேறொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முசியேவும் மதாமும் பென்ஷனுக்காகக் கோன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போகிற நாள். இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் காட்டிக் காகிதத்தில் முத்திரை வாங்க வேண்டும். முசியே கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மதாம் முத்துமாலையைக் கழுத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

"மதாம், அது ஏந்திரிக்க மாட்டேங்குது. ஒருவாட்டி வந்து பாருங்க."

மதாம் கொல்லை வாசல்வரை வந்தாள். சேலை நுனி தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தூங்குறான். தூங்கட்டும். தூக்கம்தான் பெரிய மருந்து. பதினோரு மணிக்கு சீஸ்ல வச்சு மாத்திரை குடுத்துடு. இன்னிக்கு ரெண்டா குடு, வலி ஜாஸ்தியா இருக்கும் போல."

"ரெண்டா?"

"சொன்னதச் செய் மேரி. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

முசியே மேரியைப் பார்த்தார். அப்புறம் பிஜூவைப் பார்த்தார். "நாழியாச்சு லினெட்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை மேரி கேட்டில் நின்றாள். எதிர் நடைபாதையில் யாரோ கல்யாண ஜோடி மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மதாம் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை இரண்டும் அவள் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மணிக்குக் குழி தோண்ட வேண்டும். தோண்டுகிறவளும் நாம்தான். அப்புறம் 'ஒழுங்காப் பாத்துக்கலை' என்ற பேரும் நமக்குத்தான். எப்படியும் பேர் கெடப் போகிறது. நாயாவது பிழைக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மாத்திரைகளைச் சாக்கடையில் வீசினாள். குப்பைக் கூடையிலிருந்து அதே மாத்திரையின் காலி அட்டை ஒன்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முனையில் நிற்கும் ஆட்டோக்காரர் காத்தவராயன் முதலில் கையை விரித்துவிட்டார்.

"நாயா? வேற ஆளப் பாரு மேரி. வண்டியில கழிஞ்சு வச்சா எவன் ஏறுவான்?"

"நான் கழுவித் தரேன்ணா. ஒம்பது வருஷமா இதத்தான் கழுவுறேன். உன் வண்டி பெரிய ராஜா தேரா?"

"ஓனர் எங்க?"

"உயிரோட இருக்கறோம்னு கையெழுத்துப் போடப் போயிருக்காங்க."

காத்தவராயன் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அத நீ சொல்லித்தான் தெரியணும்." சீட்டின் மேல் சாக்கை விரித்தார். மேரி தன் பழைய சேலையில் பிஜூவைக் கிடத்தினாள்; இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். முப்பது கிலோ நாய் இப்போது இன்னும் கனத்தது. போகும் வழியெல்லாம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "செத்துக் கித்துத் தொலைஞ்ச, அப்பறம் பாத்துக்க" என்று மிரட்டிக்கொண்டே வந்தாள்.

மாட்டாஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு வெள்ளாடு, ஒரு கன்றுக்குட்டி, கக்கத்தில் சண்டைச் சேவலோடு ஒருவர், காய்கறிக் கூடையில் பூனையோடு ஒரு பெண், இவ்வளவு பேர் காத்திருந்தார்கள். சேவல்காரர் பிஜூவைப் பார்த்ததும் எழுந்து, "நீ போம்மா முன்னாடி, அதுக்கு மூச்சு வாங்குது" என்று இடத்தை விட்டார். மற்றவர்களும் நகர்ந்து வழிவிட்டார்கள்.

டாக்டர் சந்திரகலா ஐம்பது வயசுக்காரர். குரல் கணீரென்று இருந்தது. ஈறை அழுத்திப் பார்த்தார், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"என்ன குடுத்தீங்க?"

மேரி முந்தானையை அவிழ்த்து அட்டையை நீட்டினாள். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இது மனுசங்க மூட்டுவலி மாத்திரை. எத்தன நாளா?"

"எட்டு நாளு டாக்டர். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"உங்களுக்கு முட்டி வலின்னா மாட்டு ஊசி போட்டுக்குவீங்களா?" டாக்டரின் குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. "போட்டுக்க மாட்டீங்க இல்ல? அப்பறம் வாயில்லாத ஜீவனுக்கு மட்டும் ஏன் கைக்கு வந்ததத் திணிக்கிறீங்க? வீட்டு வைத்தியம், வீட்டு வைத்தியம்னு கொன்னுட்டு, கடைசி மூச்சுக்கு இங்க தூக்கிட்டு வர்றது. வயித்துல புண்ணாகி ரத்தம் போயிட்டிருக்கு. கிட்னி என்ன நெலமைன்னு தெரியல. டிரிப் ஏத்தணும், மூணு நாளைக்குத் தொடர்ந்து. பொழைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடணும். நீங்கதான ஓனர்?"

வராந்தாவில் எல்லோரும் மேரியைப் பார்த்தார்கள். சேவல்காரர்கூட முகத்தைச் சுளித்தார். நான் இல்லை, நான் வேலைக்காரி, கொடுத்தது முத்துமாலை போட்ட மகராசி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் டாக்டர் ஓனரைக் கூப்பிடச் சொல்லுவார். மதாம் டாக்ஸியில் வந்து இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, கேரட் சூப்புக்கு நாயைத் திரும்ப அள்ளிக்கொண்டு போவாள்.

"நான்தான்," என்றாள் மேரி.

"பேரு?"

"ஆனந்தமேரி."

டாக்டர் இங்கிலீஷில் மளமளவென்று சீட்டில் எழுதினார். அவர் காட்டிய இடத்தில் மேரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். முன்னங்காலில் ரோமத்தைச் சிரைத்து ஊசி ஏற்றி, ஜன்னல் கம்பியில் பாட்டிலை மாட்டினார்கள். இரண்டு மணி நேரம் அவள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பிஜூவின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. பாட்டிலில் பாதி இறங்கியபோது வால் ஒரே ஒரு தடவை தரையைத் தட்டியது. மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சனியனே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கேட்டில் மதாம் நின்றிருந்தாள். முத்துமாலையைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்து வீட்டு ஹேமலதாவும் எதிர்வீட்டு வாட்ச்மேனும் ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்க தூக்கிட்டுப் போன அவன? போலீசுக்கே போன் பண்ண இருந்தேன்!"

"ஆஸ்பத்திரிக்குத்தான் மதாம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மாட்டாஸ்பத்திரி."

மதாம் நாயைப் பார்க்கவில்லை; முதலில் ஹேமலதாவைப் பார்த்தாள். அடி வாங்கின மாதிரி முகம் சிவந்தது. மேரி கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். அப்புறம் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவு லேசாக விட்டுவிட்டாளே என்று மேரிக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மூன்றரை மணிக்கு மகள் வீடியோ காலில் வந்தாள். மகளுக்கு அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. மருந்து மாத்திரை தெரிந்தவள். பிஜூ என்றால் உயிர். மேரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஹாலில் முதலில் மகள்தான் கத்தினாள், மதாம் பம்மினாள். பதினோரு வருஷத்தில் மேரிக்குப் பிரெஞ்சு பேச வரவில்லை என்றாலும் இரண்டு வார்த்தை நன்றாகத் தெரியும். 'கொம்ப்ரிமே' என்றால் மாத்திரை. 'லா போன்' என்றால் வேலைக்காரி. மதாமின் வாயிலிருந்து அந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. மறுபடி வந்தன. மூன்றாம் தடவை வந்தபோது மேரி குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஹால் வாசலில் போய் நின்றாள்.

மதாம் போனை வைத்தாள்.

"நாளைக்கும் நாளான்னைக்கும் நீயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு மேரி. எலென் சொல்லிட்டா, டிரிப்ப நிறுத்தக் கூடாதாம். சீட்டு உன் பேர்லதான இருக்கு. என்னால அந்தச் சாணி வாடையில நிக்க முடியாது. அது முடிஞ்சதும் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடு. எலெனுக்கு உன் மேல ரொம்பக் கோவம்."

"எம்மேல எதுக்கு மதாம் கோவம்?"

"பிஜூவுக்கு மாத்திரை குடுத்ததுக்கு."

மேரி ஓரடி உள்ளே வந்தாள். "நானா? மதாம், மாதா சத்தியமா சொல்லுங்க, நானா குடுத்தேன்? சீஸ்ல வச்சு மடியில போட்டுக் கொஞ்சிக் கொஞ்சிக் குடுத்தது யாரு?"

மதாம் கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்தாள். விரலை வைத்துக் காட்டினாள். "இதப் பாரு. டாக்டர் எழுதியிருக்கா, நான் எழுதல. சொந்தக்காரர் ஆனந்தமேரி. மூட்டுவலி மாத்திரை சொந்தக்காரரே எட்டு நாள் குடுத்திருக்கார். கீழ உன் கையெழுத்து. எலெனுக்கு போட்டோ அனுப்பிட்டேன்."

"நாய் பொழைக்கணும்னு சொன்னேன் மதாம். ஓனர் இல்லன்னா டிரிப் போட மாட்டாங்கன்னு..."

"பொய் சொன்னேன்னு நீயே சொல்ற. அலோர்? அப்புறம் என்ன?"

முசியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு நாளும் சீஸ் துண்டை நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தது அவர் கைதான். மேரி அவர் பக்கம் திரும்பினாள்.

"முசியே, நீங்க சொல்லுங்க."

முசியே முன்னாலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை குத்திய காகிதம், இன்னும் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. உயிரோடு இருக்கிறேன் என்று அன்றைக்குக் காலையில்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மனுஷன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். யார் நாயோ, எக்கேடு கெட்டால் என்ன? மேரி அப்படித்தான் முணுமுணுத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குக் காத்தவராயனின் ஆட்டோ கேட்டில் வந்து நின்றபோது அவள் சேலையை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். புதன்கிழமை சேலை தேவைப்படவில்லை. பிஜூ தானே நடந்து வந்து, முன்னங்காலைத் தூக்கி வைத்து, பின்பக்கத்தைத் தள்ளிவிடச் சொல்லி அவளைத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் ஊசியை உருவிப் பஞ்சு வைத்துக் கட்டினார். ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கிட்னி தப்பிச்சுது. இன்னும் ஒரு நாள் தாமதமா வந்திருந்தா போயிருக்கும்" என்றார். வராந்தாவில் நின்ற எருமை ஒன்றின் பக்கம் திரும்பப் போனவர் நின்று, விரலை ஆட்டினார். "கொண்டாந்த வரைக்கும் நல்லது. ஆனா செஞ்சது பாவம். இனிமே குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேன் டாக்டர்," என்றாள் மேரி.

வீட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே நடைபாதையில் அவளுடைய சாமான்கள் இருந்தன. தகரப் பெட்டி, போர்வையில் கட்டிய துணிமூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த வேளாங்கண்ணி மாதா படம். கம்பி வழியே கொல்லைப்புறம் தெரிந்தது. மோட்டார் ரூம் பக்கத்து அறைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. யாருடைய கை தன் துணிகளைத் தொட்டு மூட்டை கட்டியிருக்கும் என்று நினைத்தபோது மேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. மாதா படத்தை எடுத்து நேராகத் திருப்பி வைத்தாள்.

மணியடித்ததும் மதாம் வந்தாள். கையில் போன் இருந்தது, அதற்குள் எலெனின் முகம் இருந்தது. மதாம் போனைப் பிஜூவின் பக்கம் திருப்பினாள். அது வாலாட்டியது. பிரெஞ்சில் ஏதேதோ குதூகலம். கேரட் என்ற சொல் மட்டும் மேரிக்கு விளங்கியது. போனை அணைத்துவிட்டு மதாம் வாரைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பாத்தியா, தேறிட்டான். வீட்டுச் சாப்பாடும் நல்ல மருந்தும் உடம்புல இருந்ததாலதான் தாங்குனான். இல்லன்னா அந்த எடத்துல போட்ட ஊசிக்கு..." முடிக்காமல் விட்டுவிட்டு கவுன் பையிலிருந்து எதையோ எடுத்தாள். "இந்தா. பதினோரு வருஷம் இருந்திருக்க, சும்மா அனுப்ப எனக்கு மனசு வரல. உனக்கு முட்டி வலின்னு சொல்லுவியே."

சிவப்புப் பெட்டி. புதுசு, ஒட்டின காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

மேரி அதைப் பார்த்தாள். அப்புறம் மதாமின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். அது இருந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றுமில்லை. நல்லது செய்கிற திருப்திதான் இருந்தது.

"எனக்கு வாணாம் மதாம். நீங்களே போட்டுக்குங்க."

"புடி, புடி. பிகு பண்ணாத. நீ போற எடத்துல இதெல்லாம் கண்ணால பாக்க முடியாது." மதாமே குனிந்து பெட்டியை மூட்டையின் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வாரை இழுத்தாள். பிஜூ நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நடைபாதையிலேயே நின்றது. மதாம் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள், அது உட்கார்ந்துவிட்டது. ஆட்டோவிலிருந்து காத்தவராயன் எட்டிப் பார்த்தார்.

"உள்ள போ சனியனே," என்றாள் மேரி. வாசலைக் கை காட்டினாள். "போ."

அவள் சொன்னதால் அது எழுந்து உள்ளே போனது. கேட் சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. மேரி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதாமின் குரல் வந்தது.

"வெறும் வயித்துல போட்டுடாத மேரி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."